மடிக்கணினியின் இரைச்சலும் ஒரு முதியவரின் குரலும்

திருகோணமலையில் டச்சுக்குடாவை அண்டி வாழும் குடும்பங்களுக்கு இரைச்சல் புதிதன்று. வாடைக் காலம் பிறந்தால் கடல் இராமுழுதும் இரையும். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் ஊதல் வேளை கெட்ட வேளையிலும் கேட்கும். கோணேசர் கோயில் மணியோசையோ நாள்தோறும் காற்றில் மிதந்து வருவது. இவற்றுக்கெல்லாம் பழகிப்போன செவிகளையும் தொல்லைப்படுத்திய வேறோர் இரைச்சலைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். அது எமது அயல் வீட்டுப் பழைய மடிக்கணினி ஒன்றின் வயிற்றிலிருந்து எழுந்தது.

அவ்வீட்டுப் பெரியவருக்குத் தொண்ணூறு வயதாகிறது. இளமையில் ஆங்கிலேயக் கடற்படையின் டொக்யார்டிலே வேலை பார்த்தவர். 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி அத்தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டபோது அங்கே தொழிலாளியாக நின்றவர். அதற்கும் முன்பாக, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் யப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு பொழிந்ததையும், எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையையும், தகப்பனார் தம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு கன்னியாய்ப் பக்கம் நடந்ததையும் சிறுபிள்ளைக் கண்ணால் கண்டு மறவாது வைத்திருப்பவர். இவற்றையெல்லாம் அவர் வாய்மொழியாகவே பதிந்துவைக்க வேண்டுமென்று பல்கலைக்கழகத்திற் படிக்கும் பேத்தி முனைந்தாள். மாலைதோறும் முன் விறாந்தையில் மடிக்கணினியை வைத்து, ஒரு சிறு ஒலிவாங்கியைப் பெரியவரின் சட்டையிற் கொளுவி, மூன்று மாலை பதிவு செய்தாள்.

மூன்றாம் நாள் பதிவைப் போட்டுக் காட்டியபோது பெரியவர் காதைச் சாய்த்துச் சிறிது நேரம் கேட்டார்.

“என்ன பிள்ளை, நான் கதைக்கிறதுக்குப் பின்னால பிளேன் ஒண்டு சுத்திக்கொண்டு நிக்குது?”

“பிளேன் இல்ல அப்பப்பா. லப்டொப் பழசு. அதுதான் இரையுது.”

அவர் கேட்டது பொய்யன்று. குரலின் கீழே தாழ்ந்த உறுமல் ஒன்று ஓயாது ஓடிற்று. அதன்மேல் ‘உஸ்’ என்ற மெல்லிய சீறல். இடையிடையே எலி கொறிப்பதுபோன்ற கீச்சொலி. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ‘டொக்’ என்றொரு வெடிப்பு. பட்டணத்திலே ஒரு திருத்துமிடத்துக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே இரண்டு நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு, ஒலிச்சில்லு பழுதாகிவிட்டது, தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குக் கேட்ட விலை அந்த மடிக்கணினியின் இன்றைய பெறுமதியிலும் அதிகம்.

பழையதை எறிந்துவிட்டுப் புதியது வாங்கலாமே என்று கேட்பது இலேசு. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்ட நாட்களில், வகுப்புகள் திரைக்கு மாறியபோது, பல குடும்பங்கள் கடன்பட்டு வாங்கிய இயந்திரங்களே இன்றும் வீடுகளில் உழைக்கின்றன. 2022இலே ஒரு டொலரின் விலை 200 ரூபா அளவிலிருந்து சில வாரங்களுள் 350 ரூபாவைத் தாண்டியதை நாம் மறக்கவில்லை. நகை அடகு வைத்துப் பிள்ளைக்கு லப்டொப் வாங்கிய தாய்மாரை எமக்குத் தெரியும். ஆகவே, இரைச்சல் கேட்டதும் ஆயுள் முடிந்ததென்று தீர்ப்பளிப்பதற்கு முன்பாகச் சற்று விசாரணை செய்வது நியாயம். நாமும் பேத்தியுமாக அவ்விசாரணையில் இறங்கினோம்.

முதலில் இயந்திரத்துள் நடப்பதைச் சிறிது அறிந்துகொள்வோம். மடிக்கணினியின் தாய்ப்பலகையில் விரல் நகத்திலும் சிறியதொரு சில்லு இருக்கிறது. எண்களாகச் சேமித்த ஒலியை மின் அலையாக்கிச் செவிக்கு அனுப்புவதும், ஒலிவாங்கியிலிருந்து வரும் மின் அலையை எண்களாக்கி உள்ளே கொடுப்பதும் அதன் தொழில். ஒலிவாங்கியிலிருந்து வருவதோ ஒரு வோல்ற்றின் ஆயிரத்திற் சில பங்குதான். அவ்வளவு நலிந்த அலை, தன் பக்கத்திலேயே கணத்துக்குக் கணம் மின்னோட்டத்தை அள்ளி உறிஞ்சும் செயலியோடும், நொடிக்குப் பல இலட்சம் தரம் திறந்து மூடும் மின்வழங்கிகளோடும் ஒரே பலகையில், ஒரே பொதுக் கம்பியைப் பங்கிட்டுக் குடியிருக்கிறது. சந்தை நடுவே இருந்துகொண்டு இரகசியம் கேட்பது போன்ற நிலைமைதான். சுட்டியை அசைத்தாலோ, திரையிலே பக்கத்தை உருட்டினாலோ கீச்சொலி கேட்கிறதே, அது செயலி மூச்சு வாங்கும் ஓசை. இயந்திரம் புதிதாயிருந்த நாளிலும் அது ஓரளவு இருந்திருக்கும். நாம் கவனித்திருக்க மாட்டோம்.

இரைச்சலை ஆராய்வதில் முதற் பாடம் அதனை இனம் பிரிப்பதாகும். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கார்ல் யான்ஸ்கி என்ற இளம் பொறியியலாளரிடம், கடல் கடந்த வானொலித் தொலைபேசியைக் கெடுக்கும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டறியும் பணி ஒப்படைக்கப்பட்டது. அவர் பொறுமையாகக் கேட்டு அதனை மூன்றாகப் பிரித்தார். அண்மையில் முழங்கும் இடியினது ஒன்று. தூரத்து இடியினது மற்றொன்று. காரணம் தெரியாத மெல்லிய சீறல் மூன்றாவது. அந்த மூன்றாவது எமது பால்வீதியிலிருந்து வருகிறதென்பதை அவர் 1933இல் வெளியிட்டார். வானொலி வானியல் என்ற புதிய விஞ்ஞானமே அதிலிருந்து தோன்றிற்று. டச்சுக்குடாவின் விறாந்தையில் நாம் பால்வீதியைத் தேடவில்லை. ஆயினும் உறுமல் வேறு, சீறல் வேறு, கீச்சொலி வேறு, வெடிப்பு வேறு என்று தனித்தனியே எழுதிவைத்துக்கொண்டோம். திருத்துமிடத்தில் எல்லாவற்றையும் ஒரே பழுதென்று கொண்டதுதான் பிழை.

உறுமலின் குட்டை உடைத்தது ஒரு மின்வெட்டு. நாலாம் மாலை, பெரியவர் கதைத்துக்கொண்டிருக்கையில் ஊர் முழுவதும் விளக்கணைந்தது. மடிக்கணினி தன் பற்றரியில் தொடர்ந்து ஓடிற்று. பின்னர் பதிவைக் கேட்டால், விளக்கணைந்த அதே கணத்தில் உறுமலும் வெட்டியதுபோல் நின்றிருக்கிறது! மின்சாரம் மீண்டதும் அதுவும் மீண்டிருக்கிறது. ஒலிச்சில்லு பழுதென்றால் பற்றரியிலும் அது உறுமத்தானே வேண்டும்? எனவே, குற்றவாளி சுவரின் வழியாக வருகிறான் என்பது தெளிவாயிற்று. இச்சோதனைக்கு மின்வெட்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மின்னேற்றியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் பதிந்து பார்த்தாலே போதும். திருத்துநரிடம் ஓடுவதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டிய முதற் சோதனை இதுதான்.

இதன் காரணத்தை உயர்தர வகுப்பு மாணவர் எளிதில் விளங்கிக்கொள்வர். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேட்ஸ் மீடிறன் உடைய ஆடலோட்டம். மின்னேற்றியினுள்ளே உயர் அழுத்தப் பக்கத்துக்கும் தாழ் அழுத்தப் பக்கத்துக்கும் இடையில் ஒரு சிறு கொள்ளளவி வைத்திருப்பார்கள். மின்னேற்றி தானே உண்டாக்கும் கலக்கத்தை அடக்குவதற்காக அது வைக்கப்பட்டது. அதனூடாக மிகச் சிறு மின்னோட்டம் கசியும். மூன்று முனைச் செருகியாயின் அக்கசிவு புவித்தொடுப்புக் கம்பி வழியே, அதாவது நாம் ‘ஏர்த்’ என்று சொல்லும் கம்பி வழியே, மண்ணுக்குப் போய்விடும். அக்கம்பி தொடுபடாவிட்டால் போக வழியின்றி மடிக்கணினியின் உடல் முழுவதும் மின்சாரத்தோடு சேர்ந்து ஆடும். உலோக உடலிலே புறங்கையை மெல்ல உரசினால் எறும்பு ஊர்வதுபோல ஒரு கூச்சம் தெரிகிறதல்லவா? அது இந்தக் கசிவே. ஒலிவாங்கியின் கம்பியும் அந்த ஆட்டத்தில் அகப்பட்டுக்கொள்ள, 50 ஹேட்சும் அதன் மடங்குகளும் உறுமலாகப் பதிவாகின்றன.

பெரியவரின் வீடு பழைய வீடு. சுவரில் இருப்பவை உருண்டை முனைகளுக்கான 5 அம்பியர்க் குதைகள். இலங்கையில் 13 அம்பியர்த் தட்டை முனைச் செருகி தேசிய நியமமாக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகின்றன. அதனால் உருண்டை முனை ஒருபுறமும் தட்டை முனை ஒருபுறமுமாக நமது வீடுகளில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. இவற்றைப் பொருத்தக் கடைகளில் விற்கும் மலிவான மாற்றுச் செருகிகள் பலவற்றில் புவித்தொடுப்புக்கான துளை மட்டும் இருக்கும். உள்ளே உலோகம் இராது. அந்த வீட்டில் இருந்ததும் அத்தகையதே. 13 அம்பியர்க் குதையின் மேல் துளையைப் பேனா முனையால் தள்ளி, இரண்டு முனைச் செருகியை நுழைக்கும் வித்தையும் நம்மவர்க்குக் கைவந்தது. பிள்ளைகள் பார்த்திருக்கச் செய்யத்தகாத வித்தை அது.

மின்னியலாளர் ஒருவரை அழைத்துக் குதையை மாற்றுவித்து, வீட்டின் புவித்தொடுப்பு உண்மையாகவே மண்ணைத் தொடுகிறதா என்பதையும் சோதித்தோம். வெளியே புதைத்த கம்பியின் இணைப்பு உப்புக்காற்றில் அரித்துப் பொடியாகியிருந்தது! மடிக்கணினி இரையாதிருந்தால் அதனை எவரும் அறிந்திருக்கப் போவதில்லை. குளியலறையில் நீர் சூடாக்கியும் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியும் அதே கம்பியை நம்பித்தான் இருந்தன. இணைப்பைப் புதுப்பித்ததும் உறுமல் முக்காற்பங்குக்கு மேல் ஒழிந்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறாமல் மேற்செல்ல எமக்கு மனமில்லை. மண்டபங்களிலும் வழிபாட்டிடங்களிலும் மடிக்கணினியை அம்பிளிபையரோடு இணைக்கும்போது இதற்கு நேர்மாறானதோர் உறுமல் எழுவதுண்டு. இரண்டும் வெவ்வேறு குதைகளிலிருந்து புவித்தொடுப்புப் பெறுவதால், ஒலிக்கம்பியோடு சேர்ந்து ஒரு வளையம் உண்டாகி, அதிலே மின்னோட்டம் சுற்றும். அப்பொழுது சிலர் புவித்தொடுப்பு முனையை வெட்டிவிடச் சொல்வார்கள். வெட்டினால் உறுமல் நிற்கும் என்பது மெய்யே. ஆனால் பின்னொரு நாள் உள்ளே ஒரு கம்பி கழன்று உடலைத் தொடுமாயின், ஒலிவாங்கியைப் பிடித்துப் பாடும் பிள்ளையின் கையூடாகவே மின்சாரம் மண்ணுக்குப் போகும். இரண்டையும் ஒரே நீட்டுப் பெட்டியிற் செருகுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், ஒலிக்கம்பியின் நடுவே பொருத்தும் சிறு தனிப்படுத்தும் நிலைமாற்றி விலைக்குக் கிடைக்கும், அதனை வாங்குங்கள். முனையை மட்டும் வெட்டாதீர்கள்.

உறுமல் போனபின் சீறல் துலக்கமாய்க் கேட்டது. இது வேறு சாதி. எந்தக் கடத்தியிலும் இலத்திரன்கள் வெப்பத்தினால் ஓயாது துள்ளுவதால் இயல்பாகவே ஒரு சீறல் உண்டு. 1928இல் ஜோன்சனும் நைக்குவிஸ்ற்றும் அதனை அளந்தும் கணித்தும் காட்டினர். அதனை அடியோடு ஒழிக்க முடியாது. ஆனால் நாமே அதனை ஊதிப் பெருப்பிக்கிறோம். ஒலி அமைப்புகளுக்குள் ஒலிவாங்கிக்கு ‘பூஸ்ட்’ என்றொரு கட்டுப்பாடு உண்டு. 30 டெசிபெல்லில் வைத்தால் குரலும் சீறலும் சேர்ந்து ஏறக்குறைய 32 மடங்காகும். பேத்தி அதனை உச்சத்தில் வைத்திருந்தாள். குறைத்து வைத்து, ஒலிவாங்கியைச் சட்டைப் பையிலிருந்து கழுத்துப் பட்டியருகே உயர்த்தினோம். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலான தூரம் பாதியானால், குரலின் அழுத்தம் இருமடங்காகிறது; சீறலோ இருந்தபடியே இருக்கிறது. ஒரு சதம் செலவில்லாத வைத்தியம்! கேட்கும்போது மட்டும் சீறுகிறதென்றால், அதே அமைப்புகளிலே பயன்படாத ஒலிவாங்கி வழியும் பிற உள்வழிகளும் திறந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள். திறந்து கிடப்பவற்றை மூடிவிட்டால் பெரும்பாலும் அமைதியாகும்.

‘டொக்’ என்ற வெடிப்புக்குக் காரணம் இயந்திரத்தின் சிக்கன புத்தி. சில நொடி ஒலியில்லாதிருந்தால் ஒலிச்சில்லைத் தூங்கவைத்துப் பற்றரியை மீதப்படுத்தும். எழுப்பும்போது அது திடுக்கிட்டு விழிக்கும். லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் அம்மின்சிக்கன நேரத்தைப் பூச்சியமாக்கினால் வெடிப்பு நின்றுவிடும்.

உப்புக்காற்றுக்கு மீள்வோம். துறைமுகத்தை அடுத்துள்ள வீடுகளில் கதவுக் கொண்டி முதல் தையல் ஊசி வரை எல்லாம் துருப்பிடிக்கும்போது, மடிக்கணினியின் ஒலிக்குதை மட்டும் எப்படித் தப்பும்? செருகியைச் சுழற்றும்போது கரகரவென்று கேட்டால், ஒரு காதில் மட்டும் ஒலி வந்தால், குதையின் தொடுகைகளில் களிம்பு ஏறியிருக்கிறதென்று கொள்க. இயந்திரத்தை நிறுத்தி, மின்னேற்றியைக் கழற்றி, செருகியை ஐசோபுரொப்பைல் அற்ககோலில் சிறிது நனைத்துத் துடைத்துப் பத்துப் பதினைந்து முறை செருகிச் செருகி எடுத்து, நன்றாக உலரவிட வேண்டும். தேங்காயெண்ணெய் விடுவோரையும் கண்டிருக்கிறோம். அது தூசியைப் பிடித்துக் களியாக்கும். விசிறியின் காற்றுவழியில் அடைந்த பஞ்சையும் அகற்றுவது நன்று. உடலோடு பொருந்திய ஒலிவாங்கி விசைப்பலகையின் அருகில் இருக்குமாயின் விசிறியின் மூச்சு முழுவதையும் அதுவே முதலில் கேட்கிறது. கட்டில் மெத்தையில் மடிக்கணினியை வைத்தால் காற்றுவழி அடைபட்டு விசிறி இன்னும் வேகமாய்ச் சுழலும்.

இவ்வளவு செய்தும் கீச்சொலி ஓரளவு எஞ்சிற்று. அது தாய்ப்பலகையோடு பிறந்த குணம். அதற்கு மருந்து, ஒலியை எண்ணாக்கும் வேலையைப் பலகைக்கு வெளியே கொண்டுபோவது. யூ.எஸ்.பி. குதையிற் செருகும் சிறு ஒலிக்கருவி தாய்ப்பலகையின் விலையிற் சிறு பங்குக்கே கிடைக்கிறது. அதுவும் வேண்டாமென்றால், தன் பற்றரியில் ஓடும் கைத்தொலைபேசியிலேயே பதிந்து பின்னர் மடிக்கணினிக்கு மாற்றலாம். ஆனால் அழைப்பு வராதபடி விமான நிலையில் வைக்க வேண்டும். பேத்தி ஒலிக்கருவியையே வாங்கினாள். ஐந்தாம் மாலைப் பதிவில் பெரியவரின் குரலும், தூரத்தே டச்சுக்குடாவின் அலையும் மட்டுமே இருந்தன. அலையை நாம் குறையாகக் கருதவில்லை.

எஞ்சியது அந்த முதல் மூன்று மாலைகளின் பதிவு. ஓடசிற்றி என்ற இலவசச் செயலி கொண்டு துப்புரவு செய்ய முயன்றோம். குரலில்லாத ஓரிடத்தை எடுத்துக்காட்டி, ‘இதுதான் இரைச்சல்’ என்று சொல்லிக்கொடுத்தால், அச்செயலி அதனை எங்கும் தேடிக் குறைக்கும். (ஆதலால் எப்பதிவிலும் முதற் பத்து நொடி எவரும் பேசாதிருப்பது நல்ல வழக்கம்.) உறுமலுக்குக் குறித்த மீடிறன்கள் உண்டாகையால் அது இலகுவில் அகன்றது. சீறல் அப்படியன்று. ஸகரமும் ஷகரமும், சொல்லிடைச் சகரமும் தாமே ஒருவகைச் சீறல்களாதலால், சீறலை வழிக்கும்போது அவையும் வழிபட்டுப் போயின. ‘ஹார்பர் மாஸ்டர்’ என்று அவர் சொன்னது ‘ஹார்பர் மாடர்’ என்று கேட்டது. கொஞ்சம் சீறல் இருந்தாலும் சொல் இருக்கட்டும் என்று பாதியில் நிறுத்திக்கொண்டோம்.

மூன்றாம் மாலையிற் சொன்ன 1957ஆம் ஆண்டுக் கதையை மீண்டும் ஒருமுறை தெளிவாகச் சொல்லும்படி பேத்தி வேண்டினாள். பெரியவர் சொன்னார். ஆனால் முதல் தரம், ஆங்கிலேயரின் கொடி இறங்கியபோது தமக்குப் பெருமகிழ்ச்சியாயிருந்ததென்று கூறியவர், இரண்டாம் தரம், அன்றிரவு இனி வேலை இருக்குமோ இராதோ என்ற யோசனையில் தாம் சோறு உண்ணவில்லை என்றார். எது உண்மை என்று கேட்டதற்கு, “ரெண்டும்தான் பிள்ளை” என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டத்தை இழுத்துக்கொண்டார். பேத்தி இரண்டு பதிவுகளையும் வைத்திருக்கிறாள், உறுமலுடன் கூடியதையும் சேர்த்து.